வடிவக்காளுக்கு நாலு முட்டுக்கட்டை

கட்டைக்குறிச்சிக்கு வழி கேட்டால் அக்கம்பக்கத்தில் யாரும் உடனே சொல்ல மாட்டார்கள். முதலில் சிரிப்பார்கள். பிறகு "அங்கே உங்களுக்கு என்ன ஜோலி?" என்பார்கள். அதற்கப்புறம்தான் கையை நீட்டிக் காட்டுவார்கள். ஊரின் பெயர் இப்படிப் பரவியதற்கு அங்கே இருக்கிற தேர் காரணமில்லை, அந்தத் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிற நாலு பேர்தான் காரணம்.

தேரோட்டம் பார்த்தவர்களுக்கு முட்டுக்கட்டை தெரியும். ஆளுயரச் சக்கரம் உருண்டு வரும்போது, அதற்கு அடியில் சாய்வாகச் செதுக்கிய மரக்கட்டையைக் கொடுத்துத் தேரை நிறுத்துவார்கள், திருப்புவார்கள். சக்கரம் நாலு, ஆளும் நாலு. அந்த வேலையில் ஒரு கண்டிப்பு உண்டு. அவனவன் சக்கரத்தை மட்டும்தான் அவனவன் பார்க்க வேண்டும். அடுத்தவன் சக்கரத்தை வேடிக்கை பார்த்தால் தன் கால் போய்விடும். தேருக்கு இது நல்ல வழக்கம். இந்த நாலு பேரும் இதைத் தேரோடு விடாமல் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்கள், அதுதான் சங்கடம்.

மூத்தவன் உலகநாதன். எதையும் தொண்டையைக் கனைத்துக்கொண்டுதான் சொல்வான், அதனால் மற்றவர்கள் அவனைப் பெரிய அறிவாளி என்று நம்பினார்கள். அடுத்தவன் மருதப்பன். ஒரு வேலையைச் சொன்னால், சொல்லி முடிப்பதற்குள் செய்துவிடுவான், அதுவரை காதில் விழுந்த அளவுக்கு. மூன்றாமவன் சங்கிலி, சந்தேகம் கேட்பவன். கடைசி கொண்டல்சாமி, சாப்பிடுபவன். யாருக்கும் கல்யாணம் ஆகவில்லை. பெண் வீட்டார் வருவார்கள், காபி குடிப்பார்கள், கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருப்பார்கள், அப்புறம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிடுவார்கள்.

இந்த நாலு பேரையும் பொங்கிப் போட்டுக் காப்பாற்றி வந்தவள் வடிவு. உலகநாதனுக்கு உடன்பிறந்த அக்கா. மற்றவர்கள் சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள். எல்லோருக்குமே அவள் 'யக்கா'தான். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. புருஷன் இறந்த வருஷத்திலிருந்து அவளுக்கு ஒரு நேர்த்திக்கடன் உண்டு. வைகாசித் தேரோட்டத்தன்று, தேருக்கு முன்னால் நாலு வீதியும் வெறுங்காலோடு நடந்து வருவாள். அந்த ஒரு நாள் நடைக்காகவே மீதி நாளெல்லாம் இவர்களைச் சகித்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

அந்த வருஷம் பங்குனியில், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பாசி வழுக்கி வடிவு கையை ஊன்றினாள். லேசாகத்தான் ஊன்றினாள். மணிக்கட்டு முறிந்துவிட்டது.

டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டர் இந்திராணி மாவுக்கட்டுப் போட்டுவிட்டு, வேறு ஏதோ ஸ்கேனும் எடுத்துப் பார்த்தார். பிறகு நாலு பேரையும் உள்ளே கூப்பிட்டார்.

"அம்மாவுக்கு எலும்பு ரொம்ப மெலிஞ்சிருக்கு. வயசான பொம்பளைங்க நிறைய பேருக்கு வர்றதுதான். இந்தக் கை கூடிடும். ஆனா இனிமே விழுந்தா இடுப்பு எலும்பு போயிடும். இடுப்பு போச்சுன்னா எழுந்து நடக்கிறது கஷ்டம். அதனால விழாம பாத்துக்கணும். நடக்கிற வழியில தரையில எதுவும் கிடக்கக் கூடாது. குளிக்கிற இடத்துல ஈரம் தேங்கக் கூடாது, படியில கவனமா இருக்கணும். தினமும் காலை வெயில்ல கொஞ்ச நேரம் இருக்கட்டும், அரைமணி நேரம் நடக்கட்டும். பால், கேப்பை, முருங்கைக்கீரை, முள்ளோட சின்ன மீன் எல்லாம் கொடுங்க. இந்த மாத்திரை வாரத்துக்கு ஒண்ணு. வெறும் வயித்துல ஒரு டம்ளர் தண்ணியோட போட்டுட்டு, அரைமணி நேரம் படுக்கவே கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது" என்றார்கள் நாலு பேரும். டாக்டர் புதிதாக வந்தவர், நம்பிவிட்டார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த வடிவு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். போன கார்த்திகையில்தான் எதிர்வீட்டுக் கோமதி இடுப்பு ஒடிந்து படுத்தாள். இன்னும் எழுந்திருக்கவில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் யாராவது அந்தப் பக்கம் வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டு கிடப்பாள். வடிவுக்குச் சாவைப் பற்றிப் பயமில்லை. அந்தக் கிடையைப் பற்றித்தான் பயம்.

"ஏலே, எனக்கு எதுவும் வேண்டாம்" என்றாள் பஸ்ஸில். "வைகாசியில நான் தேரோட நடந்திரணும். அதுக்கு மட்டும் வழி பண்ணுங்க."

"நீ கவலைப்படாத யக்கா. தேரையே பாத்துக்கிடுதோம், ஒன்னைப் பாத்துக்கிட மாட்டமா?" என்றான் உலகநாதன். வடிவு முன்சீட்டுக் கம்பியை நல்ல கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் நாலு பேரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். டாக்டர் சொன்னதை முழுக்க ஒரே ஆள் ஞாபகம் வைக்க முடியாது என்பதில் யாருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. சக்கரத்தைப் பிரித்துக்கொள்கிற மாதிரியே பிரித்துக்கொண்டார்கள். விழாமல் பார்த்துக்கொள்வது உலகநாதன் பொறுப்பு. தரை, படி, குளிக்கும் இடம் மருதப்பன் பொறுப்பு. வெயிலும் நடையும் சங்கிலிக்கு. சாப்பாடும் மாத்திரையும் கொண்டல்சாமி கேட்டு வாங்கிக்கொண்டான்.

உலகநாதன் தொண்டையைக் கனைத்தான்.

"யாருடே விழுவான்? நிக்கிறவன்தான் விழுவான். நடக்கிறவன் விழுவான். படுத்துக் கெடக்கவன் விழுந்து பாத்திருக்கியளா?"

"கட்டில்லருந்து விழலாமே" என்றான் சங்கிலி.

உலகநாதன் மறுபடி கனைத்தான். "அப்பம் தரையில படுக்கட்டும். தரையிலருந்து எங்க விழ?"

மறுக்க முடியாத வாதம். வடிவு கையில் கட்டோடு, அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பாயோடு அலுங்காமல் தூக்கிக் கூடத்து நடுவில் தரையில் கிடத்தினார்கள். உலகநாதன் தன் சக்கரம் நின்றுவிட்ட திருப்தியோடு வெற்றிலை வாங்கப் போனான்.

அப்போது மருதப்பன் தன் வேலையைத் தொடங்கினான். தரையில் எதுவும் கிடக்கக் கூடாது. அரிவாள்மனையைப் பரணில் ஏற்றினான், செம்பை ஏற்றினான், மிதியடியை ஏற்றினான். ஆட்டுக்கல்லை உருட்டித் தெருவில் விட்டான். கடைசியில் கூடத்துக்கு வந்து பார்த்தால் நடுத்தரையில், எல்லோரும் நடக்கிற வழியில், அக்காள் கிடந்தாள்.

வெற்றிலையோடு திரும்பிய உலகநாதன், அக்காள் பாதிப் பரணில் இருப்பதைப் பார்த்தான். கீழே மருதப்பன் அவளைத் தோளால் முட்டுக்கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தான்.

"எங்கலே தூக்குத?"

"தரையில கெடந்தாவ."

"கெடக்கச் சொன்னதே நாந்தாம்லே. விழப்பிடாதுன்னு."

"தரையில ஒண்ணும் கெடக்கப்பிடாதுன்னு டாக்டரம்மா சொன்னாவளா, இல்லையா?"

"சொன்னாவ."

"அக்கா ஒண்ணும் இல்லையா?"

உலகநாதனுக்கு அக்காவை ஒன்றுமில்லை என்று சொல்ல மனம் வரவில்லை. வடிவு பரண் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "கட்டையில போறவனுவளா, மொதல்ல என்னைய எறக்குங்கலே" என்றாள். இறக்கினார்கள். ஒரு சமரசமும் ஏற்பட்டது. அக்காள் தரையிலும் கிடக்கக் கூடாது, கட்டிலிலிருந்து விழவும் கூடாது. ஆகவே கட்டிலில் படுக்கவைத்து, தேர் வடத்தின் பழைய துண்டு ஒன்று கொட்டகையில் கிடந்ததை எடுத்துவந்து, கட்டிலோடு சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார்கள். தொடைப் பருமன் கயிறு. ஒரு கை மாவுக்கட்டில், மறு கை கயிற்றுக்குள். வடிவுக்கு வாய் மட்டும்தான் மிச்சமிருந்தது. அதை அவள் குறைவில்லாமல் பயன்படுத்தினாள்.

மறுநாள் காலையில் சங்கிலிக்குச் சந்தேகம் வந்தது.

"அரைமணி நேரம் நடக்கணும்னாவளே. கட்டில்ல கட்டிப் போட்டா எப்பிடி நடப்பா?"

"நடக்கணும்னுதான் சொன்னாவ" என்றான் உலகநாதன். "யாரு கால்லன்னு சொன்னாவளா?"

சங்கிலி நினைத்துப் பார்த்தான். டாக்டர் அதைச் சொல்லவில்லை. அன்றிலிருந்து தினமும் காலையில் நாலு பேரும் கட்டிலின் நாலு காலையும் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றி நடந்தார்கள். முதல் நாள் தெருவில் எதிர்ப்பட்டவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். இரண்டொருவர் கூடவே நடந்தார்கள். சங்கு ஊதுகிற மாடசாமி வீட்டுக்குள் ஓடிச் சங்கை எடுத்துவந்துவிட்டார். வடிவு தலையைத் தூக்கி, "வேய், நான் உசுரோடதான் இருக்கேன். சங்கை உள்ள வையும்" என்றாள். மாடசாமி மிகவும் வருத்தப்பட்டார். அவர் எடுத்து ஊதிப் பல மாதம் ஆகியிருந்தது.

ஒரு வாரத்தில் நாலு பேருக்கும் தோளும் தொடையும் முறுக்கேறிவிட்டன. அக்காவுக்கு நடை நல்லபடியாக நடக்கிறது என்று அவர்கள் சந்தோஷப்பட்டார்கள்.

வெயில்தான் தகராறு. காலை வெயில் முற்றத்தில் தாராளமாக விழுந்தது, ஆனால் கட்டில் கூடத்தில் இருந்தது. கட்டிலை முற்றத்துக்கு நகர்த்தலாம் என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. வடிவு சொன்னாள், ஆனால் நோயாளி பேச்சைக் கேட்டு வைத்தியம் பார்க்கக் கூடாது என்று உலகநாதன் சொல்லிவிட்டான். சங்கிலி கூரை மேல் ஏறி, கட்டிலுக்கு நேர் மேலே இருந்த ஓடுகளைப் பிரித்தான். வெயில் வந்தது. சாயங்காலம் மழையும் வந்தது.

மழையைப் பார்த்ததும் மருதப்பன் துடைக்கிற துணியோடு ஓடிவந்தான். "ஈரம் தேங்கப்பிடாது" என்று கூடத்தைத் துடைத்தான், கட்டிலைத் துடைத்தான், அக்காவையும் துடைத்தான். மழை நிற்கிற வரைக்கும் துடைத்தான். குளிக்கும் அறையில் அவன் இன்னும் கண்டிப்பு. அதற்குள் தண்ணீர் கொண்டுபோக யாரையும் விடவில்லை. உலகநாதன் வெளியே போன நேரம் பார்த்து, வடிவு எதிர்வீட்டு ஆட்களைக் கூவிக் கூப்பிட்டுக் கயிற்றை அவிழ்க்கச் சொல்லி, கோமதி வீட்டில் போய்க் குளித்துவிட்டு வந்தாள். கோமதிக்குச் சிரித்துச் சிரித்து இடுப்பு வலி அதிகமாகிவிட்டது. "நான் கெடக்கது தேவலாம் போல இருக்கே வடிவு" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அங்கிருந்து திரும்பி வந்தபோதுதான் வாசலில் படிகளைக் காணோம் என்று வடிவு கவனித்தாள். படியில் கவனம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மருதப்பன் நாலு படியையும் கடப்பாரையால் பெயர்த்து, ஒன்றின் மேல் ஒன்றாகத் தோட்டத்தில் அடுக்கியிருந்தான். வாசல் நெஞ்சளவு உயரத்தில் நின்றது.

"இனிமே படியில விழவே முடியாது யக்கா" என்றான்.

"சரிலே. வீட்டுக்குள்ள எப்பிடிப் போவேன்?"

"அது எஞ் சக்கரம் இல்ல. சங்கிலியைக் கேளு, நடை அவம் பாடு."

சங்கிலி வந்து பார்த்துவிட்டு, அக்காவைத் தூக்கி உள்ளே வைத்தான், உலகநாதன் அவளை மறுபடி கட்டிலோடு கட்டினான். அன்று இருட்டுவதற்குள் நாலு பேரும் ஆளுக்கொரு தடவை வாசலிலிருந்து தெருவில் நடந்தார்கள், படி இருக்கிறது என்ற நம்பிக்கையில். கொண்டல்சாமி இரண்டு தடவை.

மாத்திரை நாள் வந்தது. கொண்டல்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தண்ணீர் டம்ளரோடு கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றான்.

"மாத்திரை போட்டா அரைமணி நேரம் படுக்கப்பிடாது. அவுத்து விடுங்க."

"அவுத்து விட்டா எந்திப்பா. எந்திச்சா நிப்பா. நின்னா விழுவா. எஞ் சக்கரத்துல கை வைக்காத" என்றான் உலகநாதன்.

"அப்பம் மாத்திரை?"

இது கடினமான இடம். சங்கிலி நகத்தைக் கடித்தான், மருதப்பன் தரையைப் பார்த்தான். சுத்தமாக இருந்தது. கடைசியில் உலகநாதன்தான் வழி கண்டான். கட்டிலை அப்படியே தூக்கி, சுவரோரம் நட்டுக்குத்தலாக நிறுத்தினார்கள். அக்காள் கட்டிலில் படுத்திருந்தாள், ஆனால் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் நின்றது. நாலு பேரும் எட்ட நின்று பார்த்து, கண் கலங்கினார்கள். அப்போது வரி கேட்க வந்த பஞ்சாயத்து ஆபீஸ்காரர், தெருவில் நின்றபடி எட்டிப் பார்த்தார். கூரையில் ஓட்டை, சுவரில் கயிற்றுக்கட்டிலோடு ஒரு பெண்மணி. ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். அந்த வருஷம் அந்த வீட்டுக்கு அவர் திரும்ப வரவேயில்லை.

சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் குறை சொல்ல முடியாது. பால், கேப்பைக்களி, முருங்கைக்கீரை, நெத்திலிக் குழம்பு எல்லாம் வேளாவேளைக்கு வந்தது. கொண்டல்சாமி ஒவ்வொன்றையும் முதலில் தான் சாப்பிட்டுப் பார்த்து, நன்றாக இருந்தால் மட்டும் அக்காவுக்குக் கொடுத்தான். ரொம்ப நன்றாக இருந்தால் அவளுக்கு மிஞ்சாது. ஆனாலும் போதுமான அளவு மிஞ்சியது.

சித்திரை கடைசியில் கை மாவுக்கட்டை எடுத்தார்கள். இரண்டு கையும் வந்ததும் வடிவு செய்த முதல் வேலை, கட்டில் கயிற்றை அவிழ்த்தது. இரண்டாவது வேலை, விளக்குமாற்றை எடுத்தது. நாலு பேரும் வாசல் வழியாகக் குதித்து ஓடினார்கள். அன்றே கொத்தனாரை வரவழைத்துப் படியைக் கட்டினாள், ஓட்டை வேய்ந்தாள், பாசியைச் சுரண்டச் சொல்லிக் குளிக்கும் அறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி பதித்தாள். தினமும் காலையில் வெயில் ஏறுவதற்குள் தன் சொந்தக் காலால் வாய்க்கால் வரை நடந்து வந்தாள். டாக்டர் சொன்னதும் அவ்வளவுதான்.

"வெள்ளிக்கிழம தேரு" என்றாள் ஒரு நாள் ராத்திரி சோற்றைப் போட்டுக்கொண்டே. "நான் நடக்கப் போறேன். எவனாவது கயித்தை எடுத்தான்னா சோறு கெடையாது."

சோறு கிடையாது என்றதும் விஷயத்தின் தீவிரம் அவர்களுக்குப் புரிந்தது. கை கழுவிவிட்டுத் தேர்க்கொட்டகைக்குப் போய், தேரின் நிழலில் உட்கார்ந்தார்கள்.

"நாலு வீதி" என்றான் உலகநாதன். "தெக்கு வீதி மூலையில சரிவு வேற. கோமதியக்கா மாதிரி ஆயிட்டா என்னடே பண்ணுவோம்?"

கொண்டல்சாமி அழுதுவிட்டான். முட்டாள்களுக்கும் பாசம் உண்டு. சொல்லப்போனால் அவர்களிடம் அது மட்டும்தான் கணக்கில்லாமல் இருந்தது.

"இந்தத் தேரு எம்புட்டு உயரம்" என்றான் மருதப்பன், அண்ணாந்து பார்த்து. "நம்ம தாத்தா காலத்துலருந்து ஓடுது. ஒரு தடவையாவது விழுந்திருக்கா?"

"இல்ல."

"ஏன் விழல?"

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு எளிய விஷயம் ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று வெட்கமாகக்கூட இருந்தது.

"ஆனா சக்கரம் நாலு. அக்காவுக்குக் காலு ரெண்டுதான" என்றான் சங்கிலி.

"முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டு" என்றான் உலகநாதன். "காலுக்கு முன்னாடி ஒரு கட்டை, பின்னாடி ஒரு கட்டை. எந்தப் பக்கமும் உருள மாட்டா."

வெள்ளிக்கிழமை தேர் கிளம்பியது. வடிவு குளித்து, மஞ்சள் சேலை கட்டி, தேருக்குக் கொஞ்சம் முன்னால் நடந்தாள். அவள் பின்னால் வடம் பிடிக்கிற ஊர் ஜனம், அதற்குப் பின்னால் தேர். அவளைச் சுற்றி நாலு பேரும் ஆளுக்கொரு முட்டுக்கட்டையோடு குனிந்தபடி வந்தார்கள். அவள் ஒரு அடி எடுத்து வைத்தால், வைத்த காலின் முன்னும் பின்னும் டக், டக் என்று கட்டை விழும். அடுத்த அடிக்குக் கட்டையை உருவுவார்கள். உலகநாதன் "உருவு" என்பான், பிறகு "போடு" என்பான். சோறு கிடையாது என்றதால் கயிற்றை அவள் இடுப்பில் கட்டவில்லை. வேண்டும்போது கைக்கு எட்டட்டும் என்று ஆளுக்கொரு கயிற்றைத் தங்கள் இடுப்பில் கட்டி, மீதியைத் தெருவில் இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

"லே, கட்டையை எடுங்கலே. தடுக்கி விழுந்திரப் போறேன்" என்று வடிவு கெஞ்சினாள்.

"கட்டை இருக்கது வரைக்கும் விழ மாட்ட யக்கா" என்றான் உலகநாதன், நிமிராமலே.

விழாமல் நடந்தாள். ஒவ்வொரு கட்டையையும் பார்த்துப் பார்த்து, முழங்காலை உயர்த்திக் கடந்தாள். வாய்க்கால் வரைக்கும் தினமும் நடந்த கால் அல்லவா, கெட்டியாகவே இருந்தது. கிழக்கு வீதி முடிந்தது. தெற்கு வீதிக்குத் திரும்ப வேண்டும். மூலையில் சரிவு வந்தது.

இத்தனை நேரத்தில் ஊரில் ஒருவருக்கும் ஒரு விஷயம் தோன்றவில்லை. நாலு முட்டுக்கட்டையும் வடிவக்காளின் காலடியில் இருந்தன. தேரின் சக்கரங்களில் ஒன்றுக்கும் ஆள் இல்லை.

சரிவில் தேர் தானாகவே உருள ஆரம்பித்தது. வடம் பிடித்தவர்கள் இன்று தேர் என்ன இவ்வளவு லேசாக வருகிறது என்று முதலில் பூரித்தார்கள். பிறகு திரும்பிப் பார்த்தார்கள். பிறகு வடத்தைப் போட்டுவிட்டு இரண்டு பக்கமும் சிதறினார்கள். தெரு நடுவே வடிவும் நாலு தம்பிகளும் மட்டும் நின்றார்கள்.

"ஏலே, தேருலே! தேருக்குப் போடுங்க" என்றாள் வடிவு.

உலகநாதன் நிமிர்ந்து பார்த்தான். "தேரு வருது" என்று ஒப்புக்கொண்டான். "ஆனா இப்பம் கட்டையை எடுத்தா நீ உருண்டிருவியே."

"அக்கா நிக்கா. தேரு ஓடுது. ஓடுறதுக்குத்தான மொதல்ல போடணும்?" என்று சந்தேகம் கேட்டான் சங்கிலி.

"தேருக்கு எலும்பு இருக்காலே?" என்றான் மருதப்பன்.

கொண்டல்சாமி இதைப் பற்றி யோசிக்கத் தொடங்கினான். அவர்கள் முடிவுக்கு வருகிற வரை வடிவு காத்திருக்கவில்லை. சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, கட்டையைத் தாண்டி, அவசரப்படாமல் நாலெட்டில் தெருவோரம் போய்ச் செட்டியார் கடைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அக்காள் போனதும், நடுத்தெருவில் நிற்பதற்குத் தங்களுக்கு வேலையில்லை என்பது நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. ஓடினார்கள். தெருவில் இழுபட்டுக்கொண்டிருந்த கயிறு, ஒருவனுடையது மற்றவன் காலில், மற்றவனுடையது மூன்றாமவன் காலில். தரையில் எதுவும் கிடக்கக் கூடாது என்பது மருதப்பன் பொறுப்பு, ஆனால் அன்று அவன் தரையைப் பார்க்கவில்லை, தன் கட்டையைத்தான் பார்த்தான். நாலு பேரும் ஒரே மூட்டையாகச் சாக்கடைப் பலகை மேல் போய் விழுந்தார்கள்.

தேர் வந்தது. தெருவில் விட்டுவிட்டுப் போன கட்டைகள் மேல் முன்சக்கரம் ஏறி, ஒரு குலுங்கு குலுங்கி, நின்றது. ஊர் கைதட்டியது. சரிவில் தேர் ஓடும் என்று முன்கூட்டியே தெரிந்து, அதற்கு முன்னால் போய்க் கட்டை போட்டு வைத்த இவர்களின் கெட்டிக்காரத்தனத்தைத் தர்மகர்த்தா எல்லோர் முன்னாலும் புகழ்ந்தார். மாலை போடலாம் என்று பார்த்தால் நாலு பேரும் எழுந்திருக்கவில்லை. உலகநாதனுக்குக் கணுக்கால், மருதப்பனுக்கு முழங்கை, சங்கிலிக்குத் தோள், கொண்டல்சாமிக்குக் கால் எலும்பு. எல்லாம் முறிந்திருந்தது. வடிவு அவர்களை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, மீதி மூன்று வீதியையும் தன்னந்தனியாக நடந்து முடித்தாள். அவ்வளவு நிம்மதியாக அவள் எந்த வருஷமும் நடந்ததில்லை.

டாக்டர் இந்திராணி நாலு பேருக்கும் படம் எடுத்துப் பார்த்தார்.

"உங்களுக்கெல்லாம் எலும்பு இரும்பு மாதிரி இருக்கு. அதுவே முறிஞ்சிருக்குன்னா எப்படி விழுந்திருப்பீங்க!" என்று தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

அடுத்தடுத்த கட்டிலில் கிடந்த நாலு பேரும் இதை அசைபோட்டார்கள். கிடந்தபடியே யோசிப்பது அவர்களுக்குப் புதிது, அதனால் இரண்டு நாள் பிடித்தது.

"யக்காவுக்கு எலும்பு மெலிஞ்சு போச்சு. அன்னைக்கு ஓடுற தேரைத் தாண்டிப் போனா. முறிஞ்சுதா?" என்றான் உலகநாதன்.

"முறியல."

"நமக்கு இரும்பு மாதிரி."

"முறிஞ்சு போச்சு" என்றான் மருதப்பன்.

"அப்பம் முறியது எது, மெலிஞ்ச எலும்பா, கெட்டி எலும்பா?"

"கெட்டி எலும்புதான்" என்றான் சங்கிலி. இவ்வளவு படித்த டாக்டருக்கு இது ஏன் தெரியவில்லை என்று அவர்களுக்கு டாக்டர் மேல் இரக்கமாக இருந்தது. அன்றிலிருந்து ஆஸ்பத்திரிப் பாலை நாலு பேரும் தொடவில்லை. கொண்டல்சாமிகூடத் தொடவில்லை. முட்டையைப் பக்கத்துக் கட்டில்காரருக்குக் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

கொஞ்ச நாள் கழித்து வடிவு சாப்பாட்டுக் கூடையோடு வந்தாள். மாடிப்படியைக் கம்பி பிடித்து ஏறி வந்தவள், வந்த கையோடு தன் மணிக்கட்டையும் டாக்டரிடம் காட்டிப் படம் எடுத்துக்கொண்டாள். டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முகமெல்லாம் மலர, நாலு பேரும் கேட்கட்டும் என்று வார்டு நடுவில் வந்து நின்றே சொன்னார்.

"உங்க அக்காவுக்கு ரொம்ப நல்ல சேதி. எலும்பு அருமையா கூடிடுச்சு. நல்ல கெட்டியா இருக்கு. இப்படியே சாப்பிட்டு நடந்துட்டு வந்தாங்கன்னா இன்னும் கெட்டியாகும்."

வடிவு சிரித்துக்கொண்டே கூடையைத் திறந்தாள்.

பிறகு கொண்டல்சாமி தலையில் அடித்துக்கொண்டு, "ஐயோ, எல்லாம் நான் குடுத்த கேப்பைக்களிதாம்டே" என்று கதறினான். மருதப்பன் கட்டுப் போடாத கையால் முகத்தை மூடிக்கொண்டான். சங்கிலி, "இனிமே மெலிய வைக்க வழியே இல்லையா டாக்டரம்மா?" என்று விம்மினான். உலகநாதன் தொண்டையைக் கனைக்கப் பார்த்தான், முடியவில்லை, குலுங்கிக் குலுங்கி அழுதான். பக்கத்துக் கட்டில்காரரின் சொந்தக்காரர்கள் எழுந்து வந்து, வடிவின் கையைப் பிடித்துக்கொண்டு, "போனவங்களுக்கு என்ன வயசும்மா?" என்று மெதுவாகத் துக்கம் விசாரித்தார்கள்.